வெயில் அடிச்சா கடல் நல்லா இருக்கும்னு யார் சொன்னது?

கோவம் இன்னும் அடங்கல. அதனால இந்தப் பதிவு கொஞ்சம் நீளமாத்தான் போகும். டீ போட்டுட்டு வந்து உக்காருங்க.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். மழை இல்லேன்னா "வெதர் சூப்பர்"னு அர்த்தம் இல்ல.

நம்மள மாதிரி கரைல இருக்கறவங்களுக்கு வானிலைன்னா மழை மட்டும்தான். குடை எடுக்கணுமா, மாடில போட்ட துணி காயுமா, ஸ்கூல் லீவா. முடிஞ்சுது. கடலுக்குப் போறவங்கள கேட்டுப் பாருங்க, மழையப் பத்தி கடைசியாத்தான் பேசுவாங்க. அவங்களுக்கு வெதர்னா காத்து. எந்தப் பக்கத்துலேருந்து வருது, எவ்ளோ நேரமா அடிக்குது, கீழ தண்ணி எந்தப் பக்கம் ஓடுது. வானம் நீலமா பளிச்சுனு இருக்கும்போதே கடல் உங்கள உண்டு இல்லேன்னு பண்ணும்.

போன சனிக்கிழமை எங்கள பண்ணுச்சு.

புதுசா வர்றவங்களுக்கு: நான் ஒரு பேங்க்ல வேலை பாக்குறவ. இந்த மீன்பிடிப் பைத்தியத்தை வீட்டுக்குள்ள கொண்டு வந்தது என் தம்பி. முட்டுக்காட்டுல கொடுவாவுக்கு லூர் எறியறேன்னு ஆரம்பிச்சான். துணைக்குப் போன எனக்கும் ஒட்டிக்கிச்சு. ("ஒருத்தன் கெட்டது பத்தாதா"ன்னு அம்மா இன்னிக்கு வரைக்கும் கேக்கறாங்க.) லூர்னா பொய்மீன். பிளாஸ்டிக்லயோ உலோகத்துலயோ செஞ்சு, முள்ளு மாட்டி, உசுரு இருக்கற மாதிரி ஆட்டி ஏமாத்தறது. வெலையக் கேட்டா மீனுக்கு பதிலா நாமதான் ஏமாந்திருக்கோம்னு தெரியும்.

இந்தத் தடவை பிளான் பெருசு. கோவளத்துலேருந்து ஃபைபர் போட்டு. கரைய விட்டு ஒரு பதினஞ்சு கிலோமீட்டர் தள்ளி, 30 மீட்டர் ஆழத்துல ஒரு பார். (பார்னா கடலுக்கு அடில இருக்கற பாறைத் திட்டு. சின்ன மீன் அங்க ஒதுங்கும், அதைத் திங்க பெரிய மீன் வரும், அதைப் புடிக்க நாங்க போவோம்.) வஞ்சிரம், பாறை, ஷீலா, அதிர்ஷ்டம் இருந்தா கடல் விரால். தம்பி கனவுல மயில்மீனே வந்து போயிருக்கு.

ஏற்பாடு பண்றவர் சிட்டில இருக்கார். போட்டு அவருது இல்ல, கடலும் அவருது இல்ல. வாட்ஸ்அப் மட்டும் அவருது. பாதிப் பணம் முன்னாடியே வாங்கிடுவார்.

முந்தின நாள் ராத்திரி அவர்கிட்டேருந்து மெசேஜ். "வெதர் சூப்பர். வஞ்சிரம் ரெடி. நீங்க ரெடியா?" பக்கத்துல கண்ணாடி போட்டுச் சிரிக்கிற ஒரு சூரியன் படம்.

நான் போன்ல காத்து ஆப்பைத் தொறந்தேன். வடகிழக்குலேருந்து 15 நாட். அதாவது மணிக்கு கிட்டத்தட்ட 28 கிலோமீட்டர். அலை உயரம் 1.3 மீட்டர். அலைக்கும் அலைக்கும் நடுவுல 5 செகண்ட்.

இந்த மூணாவது எண்ணைத்தான் யாரும் பாக்கறது இல்ல. 1.3 மீட்டர் அலை 12 செகண்டுக்கு ஒண்ணு வந்தா போட்டு மெதுவா ஏறி மெதுவா இறங்கும், தூக்கமே வரும். அதே உயரம் 5 செகண்டுக்கு ஒண்ணு வந்தா, போட்டு ஒரு அலைலேருந்து விழுந்து எந்திரிக்கறதுக்குள்ள அடுத்தது மூஞ்சில அறையும்.

அந்த 1.3 மீட்டரும் முழு உண்மை இல்ல. ஆப்ல காட்டற அலை உயரம் எல்லா அலையோட சராசரியும் கிடையாது, இருக்கறதுலயே பெரிய அலையும் கிடையாது. வர்ற அலைகள்ல உயரமான மூணுல ஒரு பங்கை எடுத்து, அதுக்கு மட்டும் சராசரி போடறாங்க. அப்போ அதுக்கு மேலயும் அலை வரத்தான் செய்யும். கொஞ்ச மணி நேரம் கடல்ல நின்னா அந்த எண்ணுக்குக் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு உயரத்துல ஒண்ணாவது வந்து பாத்துட்டுப் போகும். ஆப்ல 1.3னு போட்டிருந்தா 2.5 மீட்டர் ஒண்ணு உங்களுக்காக எங்கயோ கெளம்பி வந்துட்டு இருக்குன்னு வெச்சுக்கங்க.

நான் அவருக்கு எழுதினேன். "காத்து ஜாஸ்தியா இருக்கே சார்?"

"மழை ஜீரோ பர்சென்ட் மேடம்."

"நான் கேட்டது காத்து."

"புயல் எச்சரிக்கை எதுவும் இல்ல மேடம்."

அது என்னவோ நெஜம். தெற்கு வங்கக்கடல்ல, இலங்கைக்குக் கீழ ஒரு காத்தழுத்தத் தாழ்வு. டிவில நாம கேட்டுக் கேட்டுப் பழகின அந்த வாக்கியம், "மணிக்கு 35 முதல் 45 கிலோமீட்டர் வேகத்திலும் இடையிடையே 55 கிலோமீட்டர் வேகத்திலும்", அது குமரிக்கடல் பக்கத்துக்குச் சொல்லியிருந்தாங்க. சென்னைக் கரைக்கு இல்ல. ஆனா தெக்க தாழ்வு, வடக்க அழுத்தம் ஜாஸ்தின்னா நடுவுல காத்து இழுக்கும் இல்லையா? மழையெல்லாம் அங்க. நம்ம பங்குக்கு காத்து மட்டும். எச்சரிக்கை கோட்டுக்கு ஒரு படி கீழ, சட்டப்படி எந்தக் குறையும் இல்லாத காத்து.

"தேதி மாத்திக்கலாமா?"ன்னு கேட்டேன்.

"போட்டு கெளம்பலேன்னா மாத்தலாம் மேடம். போட்டு கெளம்பி நீங்க வரலேன்னா அட்வான்ஸ் வராது."

இந்த வரியை மனசுல வெச்சுக்கங்க. என் கோவத்தோட வேர் இங்கதான் இருக்கு.

காலைல இருட்டோட கோவளம். வழில ஒரு ஓட்டல்ல எங்ககூட வர்ற ரெண்டு ஐடி பசங்க நெய் ஒழுக ஒழுக பொங்கல், ரெண்டு வடை, மேல ஒரு காபி. நான் வாயத் தொறந்தேன். தம்பி கண்ணைக் காட்டினான், மூடிக்கிட்டேன்.

கூட வந்த இன்னொருத்தர் தம்பியோட ஃப்ரெண்ட். அவருக்கு நாங்க வெச்ச பேரு ஸ்டெல்லா. பொண்ணு பேர் இல்லங்க, ஷிமானோ ஸ்டெல்லா. அவர்கிட்ட இருக்கற ரீலோட பேரு. அந்தக் காசுக்கு ஒரு நல்ல பைக் வாங்கலாம். ரீலுக்கு மெத்துமெத்துனு உறை வேற. தன் பையன் ஸ்கூல் பையைக்கூட மனுஷன் அவ்ளோ பத்திரமா தூக்கிப் பாத்தது இல்ல.

கரைக்குப் போனா, அத்தனை ஃபைபரும் மேலேயே கெடக்கு.

ஒண்ணு ரெண்டு இல்ல, வரிசையா எல்லாமே. வலையெல்லாம் தார்ப்பாய் போட்டு மூடி வெச்சிருக்கு. ஒரு போட்டு நெழல்ல ஒரு பெரியவர் உக்காந்து வலைல கிழிசலைத் தேடிட்டு இருந்தார். கை பாட்டுக்குக் கண்ணியைத் தடவிட்டே போகுது, கண்ணு எங்க தூண்டில் மேல.

"எங்கம்மா, தூண்டிலுக்கா?"

"ஆமாங்க ஐயா."

"வாடை ஊதுது. தண்ணி தெண்டில ஓடுது. ரெண்டும் மூஞ்சிக்கு மூஞ்சி."

"நீங்க போகலையா?"

"நான் எதுக்குப் போறேன்?"

அவ்ளோதான். மறுபடி வலை.

அவர் ஒரு வரில சொன்னதை நான் பத்து வரில சொல்றேன். (படிச்சவ இல்லையா.) வாடைன்னா வடக்கு, வடகிழக்குலேருந்து வர்ற காத்து. நம்ம கரையோரத்துல ஐப்பசி, கார்த்திகைல தண்ணி வடக்கேருந்து தெக்க ஓடும். அதை வண்ணிங்கறாங்க. காத்தும் தண்ணியும் ஒரே பக்கம் போறதால அலை கொஞ்சம் நீட்டி விடும். தை முடிஞ்சு மாசி பொறக்கற நேரத்துல நீரோட்டம் திரும்பிடும், தெக்கேருந்து வடக்க. அதுதான் தெண்டி. ஆனா காத்து அதுக்குள்ள திரும்பறதில்ல, அது இன்னும் வாடைலதான் இருக்கும். காத்து இந்தப் பக்கம் தள்ள, தண்ணி அந்தப் பக்கம் தள்ள, அலை நடுவுல மாட்டி குட்டையா, செங்குத்தா, நெருக்கமா எழும்பும். என் ஆப்ல இருந்த அந்த 5 செகண்ட் காத்து மட்டும் தெரிஞ்ச கணக்கு. தெண்டியையும் சேத்துக் கணக்கு போட்டவர் அங்க பீடி பத்த வெச்சுக்கிட்டு இருந்தார்.

கடல்தான் பொழப்புன்னு இருக்கறவங்க யாரும் போகல. சனிக்கிழமை பொழுது போகலேன்னு வந்த நாங்க போறோம்.

போட்டுக்காரர் வந்தார். முப்பது முப்பத்தஞ்சு வயசு இருக்கும். கூட ஒரு சின்னப் பையன். கடலைப் பாத்தார். ரொம்ப நேரம் பாத்தார். அப்போ போன் வந்துச்சு. ரெண்டு "சரிங்க", ஒரு "பாக்கறேன்ங்க", மறுபடி ஒரு "சரிங்க".

"போலாம் மேடம். பாத்துப் போய்ட்டு வந்துடலாம்."

கோவளத்துல ஒரு சின்ன வளைவு இருக்கு. அதுக்குள்ள இருக்கற வரைக்கும் கடல் நல்ல பிள்ளை. சர்ஃப் பலகையோட பசங்க வந்து நிக்கறாங்க, தர்கா பக்கம் வெளிச்சம், சர்ச் தெரியுது. ஐடி பசங்கள்ல ஒருத்தன் செல்ஃபி எடுத்து "சீ ஈஸ் காலிங்"னு ஸ்டேட்டஸ் போட்டான். வளைவைத் தாண்டினதும் முதல் அலை போட்டு மூக்கைத் தூக்குச்சு. கீழ விட்டுச்சு. டமார்.

ஃபைபர் போட்டு தண்ணில விழற சத்தம் கேட்டிருக்கீங்களா? காதுல கேக்காது. முதுகெலும்புல கேக்கும். அடுத்தது வரும்போது பல்லைக் கடிச்சுக்கணும்னு நாக்கைக் கடிச்சுக்கிட்ட அப்புறம்தான் தெரியுது. பெட்ரோல் கேன், ஐஸ் பெட்டி, டேக்கிள் பாக்ஸ் எல்லாம் ஒரு அடி எம்பி எம்பி உக்காருது. பையன் மட்டும் கேன் மேல ஒரு காலை வெச்சுக்கிட்டு சாதாரணமா நிக்கறான்.

"அக்கா, முன்னாடி உக்காராதீங்க, நடுவுக்கு வாங்க! பலகையைப் புடிங்க, ஓரத்தைப் புடிக்காதீங்க!"

கரைல மேடமா இருந்தவ கடல்ல அக்கா ஆயிட்டேன்.

போட்டுக்காரர் ஓட்டறதைப் பத்தி மட்டும் ஒரு தனிப் பதிவு எழுதலாம். இடது கை எஞ்சின் பிடியில. அலை ஏறும்போது கொஞ்சம் திருகறார். உச்சிக்கு வர்றதுக்கு அரை நொடி முன்னாடி விட்டுடறார். போட்டு உச்சில ஒரு மூச்சு தொங்கிட்டு சறுக்கிட்டு இறங்குது, விழறதில்ல. மறுபடி திருகல். அலை அலையா இதே. எங்க யார் மூஞ்சியையும் பாக்கல, போனைப் பாக்கல, முட்டி ரெண்டும் மடங்கி நிமிருது, இடுப்புக்கு மேல ஆடவே இல்ல. எப்பவாவது பக்கவாட்டுல ஒண்ணு ஏமாத்தி வந்துச்சுன்னாதான் எங்களுக்கு டமார். இவர் இல்லாம வேற யாராவது ஓட்டியிருந்தா இந்தப் பதிவை நான் எலும்பு டாக்டர் வரிசைல உக்காந்துதான் எழுதியிருப்பேன்.

பாருக்குப் போற வழில டிரோலிங். அதாவது ரெண்டு பொய்மீனைப் பின்னாடி விட்டு இழுத்துட்டே போறது. வஞ்சிரம் பல்லு பிளேடு மாதிரி, தூண்டில் நரம்பை ஒரே கடில வெட்டிடும், அதனால முன்னாடி கம்பி லீடர். எல்லாம் சரியாத்தான் கட்டினோம். ஆனா வஞ்சிரம் கண்ணால பாத்து வேட்டையாடற மீன். தண்ணி தெளிவா இருக்கணும். அன்னிக்குத் தண்ணி கலங்கல், டீ டிகாக்ஷனுக்கு ஒரு நெறம் கம்மி. கீழ முங்கிப் போக வேண்டிய லூர் அலையை விட்டு வெளிய எகிறி எகிறி விழுது.

ராடு வளைஞ்சுது! தம்பி பாஞ்சான். பிளாஸ்டிக் கவர்.

மறுபடி வளைஞ்சுது. பச்சை நைலான் வலைத் துண்டு.

மூணாவது வளைஞ்சப்போ யாரும் எந்திரிக்கல. அதுவும் கவர். அரிசிக் கடை விலாசம் நல்லா தெளிவா படிக்க முடிஞ்சுது.

பொங்கல் மேட்டருக்கு வருவோம். நீங்க எதிர்பாத்ததுதான். போட்டு ஓடற வரைக்கும் பசங்க தாக்குப் புடிச்சாங்க. பார் மேல எஞ்சினை நிறுத்தினதும், போட்டு பக்கவாட்டுல திரும்பி உருள ஆரம்பிச்சதும், ஒருத்தன் வலது பக்கம், ஒருத்தன் இடது பக்கம். ஏன்னா, உள்காது "நான் உருண்டுட்டு இருக்கேன்"னு சொல்லுது. கண்ணு போட்டுக்குள்ள கெடக்கற டேக்கிள் பாக்ஸைப் பாத்து "எல்லாம் அப்படியேதானே இருக்கு"ன்னு சொல்லுது. மூளைக்கு ரெண்டும் ஒத்துப் போகல. தொடுவானத்தைப் பாத்துட்டே இருந்தா கொஞ்சம் தேவலாம். மாத்திரை போடறவங்க கெளம்பறதுக்கு முன்னாடியே போட்டுடணும், ஆரம்பிச்சப்புறம் முழுங்கினா அதுவும் சேந்து வெளிய வந்துடும். இதுல வெக்கப்பட ஒண்ணும் இல்ல. இங்கிலீஷ் கடற்படைத் தளபதி நெல்சனுக்கே கடல் ஒத்துக்காது. பீகிள் கப்பல்ல 1831லேருந்து 1836 வரைக்கும் உலகம் சுத்தின டார்வின் அந்தப் பயணத்துல வாந்தி எடுத்தே நொந்து போனவர். இதை அந்தப் பசங்ககிட்ட ஆறுதலா சொன்னேன். ஒருத்தன் தலையைத் தூக்கி, "டார்வின் பொங்கல் சாப்டாரா மேடம்?"னான். அந்த நெலமைலயும் ஜோக்கு. பையன் பெரிய ஆளா வருவான்.

பார் மேல ஜிக்கிங். மீன் வடிவத்துல ஒரு உலோகக் கட்டி. நேரா அடிக்கு விட்டு, வெட்டி வெட்டி மேல இழுக்கணும். நேரா விடணும்ங்கறதுதான் இதுல எல்லாமே. சாதாரண நாள்ல 30 மீட்டர் ஆழத்துக்கு 100 கிராம் ஜிக் போதும், கயிறு மாதிரி நேரா இறங்கும். அன்னிக்கு காத்து போட்டைத் தள்ளிட்டே போகுது. ஜிக் தரையைத் தொடறதுக்குள்ள போட்டு எங்கயோ போயிடுது. நரம்பு நேரா நிக்காம சாஞ்சு, கடைசில கடல்மட்டத்துக்கே படுத்துடுச்சு. 150 கிராம் போட்டோம். 200 போட்டோம். பாரைத் தாண்டி மணல்ல போய் விழுது. மறுபடி எஞ்சின், மறுபடி சுத்தி வந்து பார் மேல, மறுபடி தள்ளல்.

இதுக்கு ஒரு சாமான் இருக்கு. துணில செஞ்ச பாராசூட். தண்ணிக்குள்ள விரிச்சு விட்டா போட்டு நகர்றதைப் பாதியா கொறைச்சுடும். ஏற்பாட்டாளரோட விளம்பரத்துல அந்தச் சாமான் படமே இருக்கு. போட்டுல கேட்டேன். போட்டுக்காரர் அப்படி ஒண்ணைக் கண்ணால பாத்ததில்லையாம்.

அப்போ ஸ்டெல்லாவுக்கு கடிச்சுது.

எல்லாரும் கத்தறோம். வாந்தி எடுத்துட்டு இருந்தவன்கூட வாயைத் துடைச்சுட்டுத் திரும்பிப் பாத்தான். பைக் விலை ரீல் சுத்துது. மனுஷன் மூஞ்சில அப்படி ஒரு ஒளி. மேல வருது, வருது, தண்ணிக்குக் கீழ பழுப்பா என்னவோ தெரியுது...

தும்பிலி.

தெரியாதவங்களுக்கு: மணல்ல பொதைஞ்சு கெடக்கற ஒரு மீன். பல்லி தலை, வாய் முழுக்க ஊசிப் பல்லு, உடம்பு முழுக்க முள்ளு. பெரும்பாலும் கருவாட்டுக்குத்தான் போகும். தன் சைஸுக்கு இருக்கற ஜிக்கையே கடிக்கற அளவுக்குக் கொழுப்பு. இதுவும் ஜிக்கை விட ஒரு விரக்கடை கூட, அவ்ளோதான். ஜிக் வெலைல ரெண்டு கூடை தும்பிலி வாங்கலாம். பையன் சிரிப்பை அடக்க முடியாம அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டான். ஸ்டெல்லா அதைப் பத்திரமா முள்ளுலேருந்து எடுத்து, ரெண்டு கையால தண்ணில விட்டார். அந்த மரியாதைக்காகவே அவரை எனக்குப் புடிக்கும்.

பொம்பளைங்க யாராவது இதைப் படிச்சா: ஃபைபர் போட்டுல டாய்லெட் கெடையாது. காலைலேருந்து தண்ணி குடிக்காம இருந்தா மயக்கம், குடிச்சா அவஸ்தை. பாவாடைத் துணி, தம்பி திரும்பி நிக்கறது, ஆடற போட்டு, இதை வெச்சு நீங்களே மிச்சத்தைக் கற்பனை பண்ணிக்கங்க. "பெண்களுக்கும் ஏற்றது"ன்னு போஸ்டர் அடிக்கறவங்க ஒரு நாள் பாவாடை கட்டிட்டு வந்து பாக்கணும்.

நல்லது ஒண்ணே ஒண்ணு நடந்துச்சு. எல்லாரும் ஓஞ்சு உக்காந்திருந்தப்போ போட்டுக்கு ரெண்டு கை தூரத்துல ஒரு தலை எழும்புச்சு. பங்குனி ஆமை. தைலேருந்து பங்குனி வரைக்கும் நம்ம கரைக்கு முட்டை போட வர்றதுங்க. கிளி மூக்கு, ஆலிவ் பச்சை ஓடு, ஓட்டு மேல பாசி, கண்ணுல தண்ணி வழியுது. (அழுகை இல்ல. உடம்புல சேர்ற உப்பை அப்படித்தான் வெளிய தள்ளுது.) நாங்க உக்கார எடம் இல்லாம உருண்டுட்டு இருக்கற அதே அலைல அது சும்மா மெதந்துது. "புஸ்"னு ஒரு மூச்சு விட்டுச்சு. எங்கள ஒரு பார்வை. உள்ள போயிடுச்சு. 2025 ஜனவரில சென்னைக் கரைல ஆயிரத்துக்கு மேல இதே ஆமைங்க செத்து ஒதுங்கினது ஞாபகம் இருக்கா? இழுவலைல மாட்டினா மூச்சுக்கு மேல வர முடியாம செத்துப் போகும். அந்த வருஷம் கடற்கரைல நடந்தவங்க யாரும் மறந்திருக்க மாட்டாங்க. அதனால உசுரோட ஒண்ணு மூச்சு விடறதைப் பாத்ததுல எனக்கு வஞ்சிரம் கெடைச்ச சந்தோஷம். தம்பிக்கு இல்ல. அவன் இன்னும் பாரையே பாத்துட்டு இருந்தான்.

மத்தியானத்துக்கு மேல கடல்காத்து சேரும், இன்னும் ஏறும்னு போட்டுக்காரர் சீக்கிரமே திருப்பிட்டார். யாரும் மறுபேச்சு பேசல. கரைக்கிட்ட அலை உடையற எடத்துக்கு வெளிய நிறுத்தி, பின்னாடி திரும்பிப் பாத்துட்டே நின்னார். ஒண்ணை விட்டார். இன்னொண்ணை விட்டார். பெருசு ஒண்ணு போனதும் அதோட முதுகுலயே ஏறி ஒரே ஓட்டம், மணல்ல போய் சொருகி நின்னுச்சு. கரைல இருந்தவங்க ஓடி வந்து போட்டைப் புடிச்சாங்க. அந்தப் பெரியவரும் வந்தார்.

என்ன மீன்னு அவர் எங்களைக் கேக்கல. போட்டுக்காரரைப் பாத்து, "எவ்ளோ பெட்ரோல் ஆச்சு?"ன்னார்.

டீக்கடைல போட்டுக்காரர்கிட்ட நான் நேராவே கேட்டேன். "காலைல உங்களுக்கே புடிக்கல. ஏன் வேணாம்னு சொல்லல?"

கொஞ்சம் யோசிச்சார். "போகலேன்னா எனக்கு அன்னிக்கு ஒண்ணும் இல்லக்கா. முந்தின நாளே பெட்ரோல் போட்டு வெச்சுடறேன். ரெண்டு தடவை வேணாம்னு சொன்னா அடுத்தது வேற போட்டுக்குக் குடுத்துடுவாரு."

இப்ப அந்த வரியைத் திரும்பப் படிங்க. "போட்டு கெளம்பலேன்னா தேதி மாத்தலாம்." கேக்கறதுக்கு எவ்ளோ நியாயமா இருக்கு! ஆனா கெளம்பலாமா வேணாமான்னு கடல் தெரிஞ்சவர் சொல்ல முடியாது, சொன்னா கூலி போயிடும். நாங்க சொல்ல முடியாது, சொன்னா அட்வான்ஸ் போயிடும். எதுவும் போகாத ஒரே ஆளு சிட்டில சூரியன் படம் அனுப்பிட்டு இருக்கார். இந்த ஏற்பாட்டுல போட்டு எந்தக் காத்துலயும் கெளம்பத்தான் செய்யும். அன்னிக்கு மீன் கெடைக்காதது எனக்குப் பெரிய விஷயம் இல்ல. கடல்ல மீன் கெடைக்காத நாள்தான் ஜாஸ்தி, அது தெரிஞ்சுதான் போறோம். ஏழு பேர் உசுரை வெச்சு எடுக்கற முடிவை, அதை எடுக்கத் தெரிஞ்ச ஒரே ஆள்கிட்டேருந்து புடுங்கி வெச்சிருக்காங்களே, அதுதான் எனக்குப் பத்திட்டு வருது.

ஏற்பாட்டாளருக்கு ராத்திரி எழுதினேன். அட்வான்ஸ்ல ஒரு பங்கைப் போட்டுக்காரருக்குக் காத்திருப்புக் கூலின்னு எழுதி வைங்க. போனாலும் போகாட்டியும் அது அவருக்கு. காலைல கரைல நின்னு அவர் வேணாம்னா வேணாம். எங்க பணத்துல அவ்ளோ போனா நாங்க சந்தோஷமா விட்டுடறோம். மிச்சத்துக்கு வேற தேதி குடுங்க.

பதில் வந்துச்சு. அடுத்த டிரிப்புக்கு பத்து பர்சென்ட் தள்ளுபடி கூப்பன். கீழ அதே சூரியன்.

(வீட்டுல அம்மா வஞ்சிரத்துக்குன்னு அரைச்சு வெச்ச மசாலா வாழைக்காய்க்குப் போச்சு. வறுவல் பிரமாதம். அதைச் சொன்னதுக்கும் திட்டு.)

நான் இப்ப போட்டுக்காரர்கிட்ட நேரடியாப் பேசிட்டேன். அவர் சொன்னது: "பங்குனில வாடை நின்னு தண்ணி தெளியும்க்கா. மார்ச் கடைசில நான் ஒரு நாள் காலைல போன் பண்றேன், அன்னிக்கே வந்துடணும். சனிக்கிழமைதான் வேணும்னு கேக்கக் கூடாது."

மார்ச் கடைசில. பேங்க்ல. லீவு.

வருஷக் கணக்கு முடிக்கற வாரத்துல கடல் தெளிஞ்சிருக்குன்னு லீவு கேட்டா மேனேஜர் என்னைத் தெளிய வெச்சுடுவார். சரி, ஏப்ரல் பாதிக்கு மேல வரட்டுமான்னு கேட்டேன். சிரிச்சுட்டார். 15ஆம் தேதிலேருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடைக்காலம், விசைப்படகு எதுவும் போகாது, மார்க்கெட்ல மீனே இருக்காது. இவங்க சின்ன ஃபைபருக்குத் தடை இல்ல.

"அப்ப எங்க மீனுக்கு நல்ல வெலக்கா. உங்கள ஏத்திட்டுப் போனா எனக்குக் கட்டாது."

ஆக எனக்குக் கெடைச்சது ஏப்ரல் முதல் ரெண்டு வாரம். தம்பி இப்பவே 200 கிராம் ஜிக் ஆர்டர் போட்டுட்டான். வேணாம்டா, தண்ணி தெளிஞ்சா 100 போதும்னேன். கேக்கல.